பதில் சொல்ல ஓர் ஆள்

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கிய முதல் திங்கட்கிழமை, வழக்கம்போல எழும்பித் தேநீர் குடித்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றேன். போவதற்கு இடம் இல்லை. அன்றைக்கு எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்பது முந்தின நாளே தெரியும். ஆனாலும் கால் பழக்கத்தில் சப்பாத்துக்குள் போய்விட்டது. கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தேநீர் ஊற்றினேன். சுதந்திரம் என்பது இதுதான் போலும் என்று நினைத்தேன். பத்து மணிக்குள் அது அலுத்துவிட்டது.

என் தொழில், வீடு மாறிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் வீட்டைத் துப்புரவாக்கிக் கொடுப்பது. இந்தச் சுவிஸ் நாட்டில் வாடகை வீட்டை விட்டுப் போகிறவர், அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் வாழவில்லை என்பதுபோல ஆக்கிவிட்டுத்தான் போகவேண்டும். கடைசி நாளில் வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அதற்கு அப்னாமே என்று பெயர். அடுப்பின் உட்புறம், குழாயில் படிந்த சுண்ணாம்பு, ஜன்னல் மறைப்பின் ஒவ்வொரு தகடு என்று விரலால் தடவிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் நான் திரும்பவும் செய்துகொடுக்க வேண்டும். அப்படித்தான் என் விளம்பர அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முதல் பல வருடம் பேர்ன் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவுப் பிரிவில் இருந்தேன். மாதம் பிறக்குமுன்பே சுவரில் வேலை அட்டவணை ஒட்டிவிடுவார்கள். எந்த நாள், எந்த வார்ட், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். அதைத் திட்டாத நாள் இல்லை. எங்கள் மேற்பார்வைக்காரியை ஷெஃபின் என்று கூப்பிடுவோம். நான் விலகும்போது அவர் கையைப் பிடித்து, "இடம் வந்தால் உன்னைத்தான் முதலில் கேட்பேன்" என்றார். அதை அன்பு என்று எடுக்காமல், நான் தோற்றுப்போவேன் என்று இப்போதே சொல்கிறாரே என்று எடுத்துக்கொண்டேன். என் குணம் அப்படி. திரும்பிப் போவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் சத்தியம் செய்தேன். இந்த வயதில் இன்னொரு தடவை தொழில் தொடங்கும் தெம்பு எனக்கு இல்லை. இது நின்றால் நின்றது, விழுந்தால் அதோடு சரி.

தனியாகத் தொழில் செய்வது என்றால் முதலாளி, தொழிலாளி, சாரதி, தொலைபேசி எடுக்கிற பெண் எல்லாரும் நானே. இவர்களில் தொழிலாளி ஒருத்திதான் ஒழுங்கானவள். ஒரு வீட்டுக்குள் விட்டால் போதும், முதுகு ஒடிய வேலை செய்வாள். முதலாளி படு மோசம். எதை எப்போது செய்வது என்று அவளுக்கே தெரியாது. காலையில் தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பாள், மத்தியானம் நித்திரை கொள்வாள், யார் என்ன கேட்டாலும் ஓம் என்பாள்.

கேட்பதற்கோ ஆட்களுக்குக் குறைவில்லை. நாங்கள் இருக்கும் பூம்ப்ளிஸில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு வாரத்தில் செய்தி போய்விட்டது: நான் இப்போது வேலைக்குப் போவதில்லை. சொந்தத் தொழில் என்பதை அவர்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள். "அக்கா, நீங்கள் சும்மாதானே நிக்கிறியள், ஒருக்கா சூரிச் ஏர்போட்டுக்கு வாறியளோ?" என்று ஒருவர் கேட்பார். வைத்தியரிடம் போய் ஜெர்மன் கதைக்க ஒருவர், கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்ட ஒருவர் என்று நாள் போய்விடும். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் "எனக்கு டியூட்டி" என்று சொன்னால் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். இப்போது எனக்கு டியூட்டி என்று சொன்னால், யார் போட்டது என்று கேட்பார்கள். நான் போட்டது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

இதைவிடப் பெரிய கூத்து, வாடிக்கையாளர்களை நான் பிரித்து வைத்திருந்த விதம். வெள்ளைக்காரர் கூப்பிட்டால் டெர்மின், அதாவது நாளும் மணியும் குறித்த சந்திப்பு. எங்கள் ஆட்கள் கூப்பிட்டால் "சனி பக்கம் வாறன் அண்ணை" என்பதோடு சரி. அவர்களும் "ஓம் ஓம், நீங்கள் வசதிபோல வாங்கோ" என்பார்கள். எங்களுக்குள் மணித்தியாலம் சொல்லிக் கதைப்பது ஏதோ முகத்தில் அடிப்பதுபோல இருக்கும். அந்நியருக்குத்தான் மணிக்கணக்கு, சொந்தத்துக்கு எதற்கு என்று நானும் நம்பினேன்.

ஒரு மாதக் கடைசியில் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தேன். சனி பக்கம் வருகிறேன் என்று இரண்டு தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் சனிக்கிழமையே சாமான்களை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வீட்டைச் சனியும் மற்றதை ஞாயிறும் செய்தேன். ஞாயிறு பின்னேரம் ஒரு சாமத்தியச் சடங்குக்குச் சாப்பாடு பரிமாற வருகிறேன் என்றும் ஓம் சொல்லியிருந்தேன். அதற்கும் போனேன். திங்கட்கிழமை காலை ஒரு வயதான சுவிஸ் அம்மாவின் வீட்டுக்கு அப்னாமே. அந்த வீட்டை அதிகாலையில் போய் அவசரம் அவசரமாக முடித்தேன். நிர்வாகத்துப் பெண் குளியலறையைப் பார்த்தார், தலையாட்டினார். அடுப்பைப் பார்த்தார், தலையாட்டினார். ஜன்னல் மறைப்பை இறக்கித் தகட்டின் மேற்பக்கத்தில் விரலை வைத்தார். விரல் கறுத்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. பெட்டியும் கையுமாக நின்றபடி, "நான் மத்தியான ரயிலுக்குப் போகலாம் என்று நினைத்தேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருடத்தில் ஒருநாளும் என் வேலையில் யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை.

அன்று பின்னேரம் பிரெஞ்சு பேசும் லோசான் நகரில் இருக்கும் என் பழைய சிநேகிதியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவளும் என்னோடு அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், என்னைவிட வயதில் குறைந்தவள். கலியாணம் முடித்து லோசானுக்குப் போனபின், அங்கே சின்னக் கடை ஒன்று எடுத்துத் தனியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். சேலைச் சட்டையும் தைப்பாள், பிரெஞ்சுக்காரரின் காற்சட்டைக்கு ஸிப்பும் மாற்றுவாள். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சனி பக்கம் எண்டால் எது அக்கா?" என்று கேட்டாள். "வெள்ளியும் பக்கம்தான், ஞாயிறும் பக்கம்தான். எனக்கும் இதே வருத்தம்தான். வாற கிழமை தாறன், வாற கிழமை தாறன் எண்டு சொல்லிச் சொல்லி, எந்தக் கிழமை எண்டு எனக்கே தெரியாமல் போச்சு. எங்களுக்கு மேல ஒரு ஆள் இல்லை. அதுதான் பிரச்சினை."

"அதுக்குத்தானே விட்டிட்டு வந்தனாங்கள்?"

"விட்டிட்டு வந்தது சரி. இனி நான் உங்களுக்கு ஷெஃபின், நீங்கள் எனக்கு ஷெஃபின். ஓமோ?"

அப்படித்தான் அது தொடங்கியது. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அவள் எனக்கு எடுப்பாள். இன்றைக்கு முடிக்கப்போகும் பெரிய வேலை ஒன்றை நான் சொல்லவேண்டும், அவளும் சொல்லவேண்டும். பின்னேரம் நான் அவளுக்கு எடுத்து முடிந்ததா என்று கேட்பேன். பதில் ஓம் அல்லது இல்லை. காரணம் சொல்லக்கூடாது. அந்தச் சட்டம் நான் போட்டது. காரணம் சொல்ல விட்டால் நான் ஒரு மணித்தியாலம் கதைப்பேன் என்று எனக்குத் தெரியும். இல்லை என்றால் அடுத்த நாள் காலையில் அதே வேலை முதலில் வரும். இரண்டாம் நாளும் இல்லை என்றால் மற்றவள் ஏசவேண்டும். ஏசுவதில் அவளுக்கு நல்ல கைராசி.

முதல் வாரங்கள் சிரிப்புத்தான். தமிழில் ஒரு ஆளைத் தொலைபேசியில் எடுத்துச் சாப்பிட்டியளோ என்றுகூடக் கேட்காமல் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் என் மச்சாளைப் பற்றித் தொடங்குவேன். "அக்கா, அது வேலை இல்லை" என்று வெட்டிவிடுவாள். காய்ச்சல் என்றால்கூட, "அப்ப இண்டைக்கு வேலை, படுக்கிறது. பின்னேரம் படுத்தனீங்களோ எண்டு கேப்பன்" என்பாள். எனக்குச் சில நாள் அவள்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் ஏழு மணிக்கு முன் எழும்பி முகம் கழுவி, அன்றைக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருப்பேன். ஒன்றும் இல்லாத நாளில்கூட ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே. அப்படித்தான் மாத நடுப்பகுதியில், வேலை வராத வாரங்களில், அலுவலகங்களுக்கும் வீட்டு நிர்வாகங்களுக்கும் நேரில் ஏறி இறங்கத் தொடங்கினேன். அவளுக்குச் சொல்ல ஏதாவது வேண்டும் என்பதற்காகவே பாதி வாசல்களை மிதித்தேன்.

பக்கம் என்ற சொல்லையும் அவள் தடைசெய்துவிட்டாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். பூம்ப்ளிஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணை சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வீடு மாறினார். நான் வியாழக்கிழமை காலை எட்டரைக்கு வருகிறேன், வீட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள் என்றேன்.

"எனக்கும் டெர்மினோ?" என்றார். கையிலிருந்த வாழைக்காயைத் தராசில் வைக்காமல் அப்படியே என்னைப் பார்த்தார். "எத்தினை வருசமா உன்னைத் தெரியும்?"

"அதுதான் அண்ணை. தெரிஞ்ச ஆளைக் காக்க வைக்கக் கூடாது."

நான் வெள்ளைக்காரியாகிவிட்டேன் என்று அந்த வாரமே கோயிலில் கதை வந்தது. ஆனால் வியாழக்கிழமை எட்டேகாலுக்கே அவர் திறப்போடு வாசலில் நின்றார். நான் வரும்வரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கொஞ்சம் பெருமையோடு சொன்னார். அன்று பின்னேரம் இதைச் சிநேகிதிக்குச் சட்டத்தை மீறிச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "அக்கா" என்று ஏதோ தொடங்கி, பிறகு கதைப்பம் என்று வைத்துவிட்டாள்.

கோடை நன்றாகப் போனது. இலையுதிர் காலம் வந்ததும் தொழில் இறங்கியது. அது இயல்புதான் என்று இப்போது தெரியும், அப்போது தெரியாது. கிடைத்த வீடுகளும் பெரிய பெரிய வெறும் வீடுகள். காலையிலிருந்து பின்னேரம்வரை ஒரு மனித முகம் இல்லை. இருமினால் அடுத்த அறையிலிருந்து என் இருமல் எனக்கே திரும்பிக் கேட்கும். ஒருநாள் நின்றபடி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்து ஷெஃபினைத் திட்டுவது நினைவு வந்தது. திட்டுவதற்குக்கூட எனக்கு ஒருவரும் இல்லையே என்று மனம் விட்டுப்போனது. சரியாக அந்த வாரம் ஷெஃபின் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓர் இடம் காலியாகிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லு, அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்றார். நான் யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. போவது என்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன். கணவரிடம் கேட்டேன். "உம்மட விருப்பம்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்லுவார்.

சிநேகிதிக்குத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. ஓம், இல்லை இரண்டுக்குள்ளும் அடங்காத செய்தி அது. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று வியாழக்கிழமை காலை லோசானுக்கு ரயில் ஏறினேன். அன்றைக்கும் ஏழு மணிக்கு எடுத்தாள். "இண்டைக்கு இரண்டு சட்டை வெட்டுறன், உங்களுக்கு என்ன?" என்றாள். "ஒரு ஆளைச் சந்திக்கிறன்" என்றேன். பொய்யில்லை.

கடைக்கு நான் முன்பு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், திறப்பு விழாவுக்கு. ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கண்ணாடிக்குள் தையல் மெஷினைக் காணவில்லை. இளஞ்சிவப்பு நாற்காலிகளும், நகப்பூச்சுக் குப்பி வரிசைகளும் இருந்தன. இடம் மாறி வந்துவிட்டேனோ என்று தெருப் பெயரைப் பார்த்தேன். அதே தெரு, அதே இலக்கம். உடனே அவளை அழைத்தேன்.

"எங்க நிக்கிறீர்?"

"கடையிலதான் அக்கா. வேலை நடக்குது."

"நான் உம்மட கடை வாசலில நிக்கிறன்."

"நகம் பூசிட்டியளோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு விம்மினாள். மெட்ரோ எடுத்து ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு வரச் சொன்னாள்.

மேலே ஏறி வந்தபோது அவள் ஆஸ்பத்திரிச் சீருடையில் வாசலில் நின்றாள். துப்புரவுப் பிரிவின் சீருடை. எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் அதைத் தூரத்திலேயே எனக்கு அடையாளம் தெரியும். இடைவேளை முடியக் கால்மணி நேரம்தான் இருக்கிறது என்றாள். கணவருக்கு இடுப்பு வருத்தம் வந்து வேலைக்குப் போக முடியாமல் போனதாம். வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை வேண்டும் என்று வசந்த காலத்திலேயே கடையைக் கொடுத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு அத்தனை மாதமும் காலையில் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து என்னை எடுத்து, இன்றைக்கு இத்தனை சட்டை வெட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பின்னேரம் நான் கேட்கும்போது ஓம் என்றிருக்கிறாள். மெஷின் சத்தம் கேட்பதில்லையே என்று நான் ஒருதரம் கேட்டதற்கு, புது மெஷின், சத்தம் போடாது என்று சொன்னவள். நானும் விலை விசாரித்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. "இத்தினை நாளும் பொய்யோ?" என்றேன்.

"நான் சொன்னது எல்லாம் பொய்தான் அக்கா. உங்களைக் கேட்டது பொய்யில்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் இருந்தனான். அண்டைக்குத்தான் நீங்கள் அந்தக் கடைக்கார அண்ணைக்கு மணித்தியாலம் சொன்னதைச் சொல்லிச் சிரிச்சியள். நீங்கள் அப்பிடிச் சிரிச்சு நான் எத்தினை வருசமாக் கேக்கேல்லை. நான் விட்டிட்டன் எண்டு தெரிஞ்சால் நீங்களும் விட்டிடுவியள். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பிறகு, எனக்கும் அது வேண்டியிருந்தது. இங்க நான் வராட்டில் வேற ஆளைப் போடுவினம். நான் எடுக்காட்டில் நீங்கள் என்னைத் தேடுவியள்."

என் கோபம் போய் வெட்கம் வந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஷெஃபின் கூப்பிட்டது, நாளைக்குள் பதில் சொல்லவேண்டும் என்பது, நான் போக முடிவெடுத்தது எல்லாம். ஓம் இல்லை என்று இல்லாமல், காரணத்தோடு. வெறும் வீடு, இருமல், ரொட்டி.

நான் முடித்ததும் அவள், ஏசும்போது வரும் அந்தக் குரலில் தொடங்கினாள். "எனக்கு வீட்டில ஒரு ஆள் படுத்திருக்கிறார், அதால நான் இங்க வந்தனான். உங்களுக்கு என்ன? தனிய நிக்கப் பயம். அதுக்குத்தானே அக்கா நான் இருக்கிறன். எனக்குக் கடையும் போய் நீங்களும் போனால், காலமை ஏழு மணிக்கு நான் ஆரிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

உள்ளேயிருந்து யாரோ பிரெஞ்சில் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "கெதியாச் சொல்லுங்கோ. நாளைக்கு என்ன வேலை?"

நாளைக்கு ஒரு வீடு இருந்தது, மூன்று அறை. அதை ஒத்திவைத்துவிட்டுப் போய்க் கையெழுத்து வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். "மூண்டு அறை வீடு. ஜன்னல் மறைப்பு முழுக்கக் கறுத்துப்போய்க் கிடக்குது" என்றேன்.

"எத்தினை மணிக்கு முடியும்?"

"நாலு மணிக்கு."

"பக்கம் இல்லையே?"

"இல்லை. நாலு மணி."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினாள். நான் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்று அழுதேன். ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற ஆளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது வசதியாக இருந்தது. பிறகு அங்கேயே நின்று ஷெஃபினைத் தொலைபேசியில் அழைத்தேன்.

வரவில்லை என்றதும் அவர் கொஞ்சம் ஏமாந்துபோனார். நன்றாக யோசித்தாயா என்று கேட்டார்.

"நான் வரத்தான் இருந்தேன்" என்றேன். "என் மேலாளர் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்."

"நீ தனியாகத்தானே தொழில் செய்கிறாய்? உனக்கு எங்கே மேலாளர்?"

"லோசானில்" என்றேன். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில்தான், துப்புரவுப் பிரிவில் என்று சொன்னேன்.